அடிக்கிற கைதான் அணைக்குமா?

"அடிக்கிற கைதான் அணைக்கும்"னு நம்மவர்கள் சொல்வதுண்டு. அதே எண்ணத்தை, நம் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் 'மங்கா' எனும் ஜப்பானியப் படக்கதைகள் சிலவற்றிலும் காண்கிறேன். எல்லா மங்காவும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்.

யோகோ காமியோ வரைந்த 'ஹனா யோரி டாங்கோ', 1992-ல் 'மார்கரெட்' என்ற பெண்பிள்ளைகள் பத்திரிகையில் தொடங்கியது. பணக்காரப் பள்ளியில் படிக்கும் சாதாரணக் குடும்பத்துப் பெண் மகினோ. அவள் லாக்கரில் சிவப்புச் சீட்டு வைத்து, பள்ளி முழுவதையும் அவள்மேல் ஏவிவிடுகிறான் டோம்யோஜி. அவள் துணிந்து எதிர்க்கிறாள். பிறகு அவனே அவளைக் காதலிக்கிறான், வேண்டாம்னாலும் விடுவதில்லை. கடைசியில் அவன்தான் கதாநாயகன்!

இப்படிப்பட்ட கதைகளில் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, பொறாமை. "அவன்கூடப் பேசாதே" என்ற மிரட்டல் பாசமாகக் காட்டப்படுகிறது.

இரண்டாவது, பலவந்தம். பெண்ணைச் சுவரோரம் மடக்கி, சுவரில் 'டொம்' என்று கையை ஊன்றுவதற்கு 'கபேடோன்' என்று பெயர். 2014-ல் ஜப்பானில் எல்லார் வாயிலும் இந்தச் சொல்தான். பயப்பட வேண்டிய இடத்தில் பூக்களை வரைந்துவிடுகிறார்கள்!

மூன்றாவது, "என் அன்பு அவனை மாத்திடும்" என்ற நம்பிக்கை. கதையில் அவனை மாற்றுவது எழுதுகிறவரின் பேனா. வீட்டில் அடி வாங்குகிறவளிடம் அந்தப் பேனா இல்லையே!

பெற்றோரே, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மகளிடமும் மகனிடமும் கேளுங்கள்: "அவ வேண்டாம்னு சொன்னப்போ, இவன் நிறுத்தினானா?"