மெஷினைத் தொடும் முன் லேப்டாப்பில்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் சிறு பட்டறைகளில், கன்ட்ரோலர் மட்டும் செத்துப்போன பழைய சி.என்.சி. மெஷின்கள் உண்டு. இரும்பு உறுதியாக இருக்கும்; போர்டு கிடைக்காது. அந்தக் கன்ட்ரோலருக்கு லினக்ஸ்சிஎன்சி நல்ல மாற்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் 1990களில் உருவாகி, இன்று தன்னார்வலர்கள் வளர்க்கும் திறந்தமூல மென்பொருள் அது. அதில் கைவைக்கும் இளைஞர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றே: நிரல் எழுதிப் பார்க்கும் கணினி வேறாகவும், மெஷினை ஓட்டும் கணினி வேறாகவும் இருக்கட்டும். முதலாவதற்கு மெஷினே தேவையில்லை. டெபியன் போட்ட சாதாரண லேப்டாப் போதும். மூலநிரலை கிட் மூலம் இறக்கி, அது கேட்கும் பேக்கேஜ்களை நிறுவி, ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக் என்று வரிசையாக ஓட்ட வேண்டும். கன்ஃபிகரில் ரியல்டைம் வகையாக யூஸ்பேஸைக் குறிப்பிடுவது நல்லது. தொகுத்த இடத்திலிருந்தே ஓட்டும் இந்த முறைக்கு ‘ரன் இன் பிளேஸ்’ என்று பெயர். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ‘ரிப் என்விரான்மென்ட்’ ஸ்கிரிப்டை சோர்ஸ் செய்ய வேண்டும். மறந்தால், முன்பே பேக்கேஜாக நிறுவிய பதிப்பு இருந்தால் அதுதான் ஓடும். நிரலில் செய்த திருத்தம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம்.

லேப்டாப்பில் இப்படி மெஷின் இல்லாமல் செய்யும் சிமுலேஷனில் ஓடுவதெல்லாம் மெஷினில் ஓடுமா என்று செட்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேக்லாஷ், சர்வோ டியூனிங், கேபிளில் ஏறும் மின்இரைச்சல் எதுவும் சிமுலேஷனில் தெரியாது. ஆனால் மெஷின் இணைப்புகளை வரையறுக்கும் ஹால் கோப்பில் தப்பாக எழுதிய ‘பின்’ (pin) பெயர், ஹோமிங் வரிசைக் குழப்பம், டூல் மாற்றும் லாஜிக்கில் உள்ள ஓட்டை ஆகியவை அங்கேயே சிக்கும். ஸ்பிண்டிலைக் கொண்டுபோய் வைஸில் மோத வைப்பவை பெரும்பாலும் இந்த வகைத் தவறுகள்தாம். வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் தரும் பட்டறையில் ஒரு ஷிப்ட் மெஷின் நின்றாலே டெலிவரி தள்ளிப்போகும். சோதனைக்காக அதை நிறுத்தி வைக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

நிரல் எழுதுவதையும் மெஷினை ஓட்டுவதையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டால் செலவு மிச்சமே என்பது அடுத்த வாதம். இதை நான் ஏற்கமாட்டேன். மெஷின் கணினியின் தகுதியைச் சொல்வது, அதன் நேரத் தடுமாற்றத்தை (ஜிட்டர்) அளக்கும் லேட்டன்சி டெஸ்ட். பேரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் ஓட்டுவதென்றால் ஜிட்டர் 20 மைக்ரோ செகண்டுக்குள் இருப்பது நல்லது. 100 தாண்டினால் அந்தக் கணினி அந்த வேலைக்கு ஆகாது. ஸ்டெப் துடிப்புகளைத் தானே உருவாக்கும் மெசா கார்டு போட்டால், 1 மில்லி செகண்ட் சர்வோ சுழற்சி இதைவிடத் தாராளமாகப் பொறுக்கும். ரியல்டைம் வசதி 2024இல் லினக்ஸ் 6.12 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது உண்மைதான். அதற்காக மதர்போர்டின் குணம் மாறிவிடாது. எனவே டெஸ்ட்டை மெஷின் கணினியிலேயே, சுமை கொடுத்து, சில மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பிலோ விர்ச்சுவல் மெஷினிலோ வரும் எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை.

வாரண்டியும் சர்வீஸும் கட்டாயம் என்றால் பெங்களூரு பீன்யா பக்கம் போய்ப் புது கன்ட்ரோலர் வாங்குவதே சரி. லினக்ஸ்சிஎன்சியைத் தேர்ந்தெடுத்தால், எமர்ஜென்சி சுவிட்சை மென்பொருளை மட்டும் நம்பி விடாதீர்கள். அதை அழுத்தினால் டிரைவுக்குப் போகும் மின்சாரம் ரிலே வழியாக நேராகத் துண்டிக்கப்பட வேண்டும். முதல் முறை மெஷினை ஆன் செய்யும் முன் அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள்.