வீட்டு நாயின் உணவும் உடல்நலமும்

வங்கத்தில் சோறும் மீனும், பஞ்சாபில் ரொட்டியும் பாலும், தென்னாட்டில் தயிர்ச் சோறும் வீட்டு நாய்க்கு இடப்படுவது வழக்கம். வீட்டார் உண்டு எஞ்சியதே நாயின் உணவாகிறது. வயிறு நிறைந்தால் போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு. பிறந்தபோது உரமாக இருந்த குட்டி, நான்காம் மாதத்தில் முன்கால்கள் வளைந்து நடக்கத் தடுமாறுவதைப் பலரும் கண்டிருப்பர். அதனைப் பிறவிக் குறை என்று விட்டுவிடுகின்றனர். பல சமயங்களில் அது உணவின் குறையே ஆகும். ஆதலின் தடுக்கக் கூடியதும் ஆகும்.

நாயின் செரிமான அமைப்பு

நாய் ஊன் உண்ணும் விலங்குகளின் வரிசையைச் சேர்ந்தது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கிழிக்கவும் நறுக்கவும் ஏற்றவை. எனினும் நாய் இறைச்சியை மட்டுமே நம்பி வாழும் விலங்கு அன்று. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபியல் ஆய்வு இதனை விளக்குகிறது. மாவுச் சத்தைச் செரிக்கும் கணைய நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாயிடம் அது பல மடங்கு பெருகியுள்ளது. மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்ததன் விளைவு இது. எனவே, நன்கு வேகவைத்த சோறு, கோதுமை, கேழ்வரகு ஆகியவை நாய்க்குச் செரிக்கும். தானியம் தீங்கு செய்வதில்லை. தானியம் ஒன்றையே கொடுப்பதுதான் தீங்கு.

ஆய்வுகள் காட்டிய உண்மை

தானிய உணவின் குறையைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் நாய்களுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்னும் மருத்துவ அறிஞர், நாய்க்குட்டிகளை வீட்டினுள் வைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற தானிய உணவைக் கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கட்ஸ் என்னும் எலும்பு நோய் உண்டாயிற்று. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்தபோது அந்நோய் தடுக்கப்பட்டது. இவ்வாய்வு 1919-இல் வெளிவந்தது. நோயைத் தடுத்த பொருள் வைட்டமின் டி என்பது பின்னர் அறியப்பட்டது. மனிதரைப் போல், வெயிலின் உதவியால் தோலில் இவ்வைட்டமினைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள நாயால் இயலாது. அது உணவின் வழியாகவே கிடைக்க வேண்டும்.

மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட உணவால் நாய்களுக்கு நாக்குக் கறுக்கும் நோய் வருவதுண்டு. 1937-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஜெம் என்பார், நிக்கோட்டினிக் அமிலம் அந்நோயைக் குணப்படுத்துவதைக் கண்டறிந்தார். மனிதருக்கு வரும் பெல்லாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று.

இறைச்சி மட்டும் போதுமா?

தானியத்தின் குறையை அறிந்த சிலர், இறைச்சியை மட்டுமே கொடுக்க முற்படுகின்றனர். இதுவும் பிழையே. எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்தோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாயின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருப்பின், சுண்ணாம்புச் சத்து ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருத்தல் வேண்டும். அது குறையும்போது, கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்திற்கு அனுப்புகின்றன. நாளடைவில் எலும்பு மென்மையுற்று, சிறு துள்ளலிலும் முறிகிறது.

ஒரு நாள் உணவு

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு, அதன் உழைப்பிற்கேற்ப நாளொன்றுக்கு ஏறத்தாழ 530 முதல் 730 கலோரி வரை தேவை. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு:

சோறு — 200 கிராம்
வேகவைத்த, எலும்பற்ற கோழி இறைச்சி — 150 கிராம்
வேகவைத்த முட்டை — 1
வேகவைத்த பூசணி அல்லது காரட் — 50 கிராம்
சமையல் எண்ணெய் — 1 தேக்கரண்டி
முட்டை ஓட்டுத் தூள் — 2 கிராம்

முட்டை ஓட்டைக் கொதிநீரிலிட்டு, உலர்த்தி, மாவாகப் பொடித்துக் கொள்ள வேண்டும். 2 கிராம் தூளில் முக்கால் கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து உண்டு. இவ்வுணவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி முதலியன இதில் போதா. அவற்றுக்குரிய கலவையைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி சேர்த்தல் வேண்டும். புலால் சமைக்காத வீடுகளில் பருப்பு, பன்னீர், தயிர் முதலியவற்றால் புரதத்தை நிறைவு செய்யலாம். அங்கு இக்கலவை மேலும் இன்றியமையாதது. தூய நீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

குட்டிகளின் உணவு

நாய்ப் பாலில் உள்ள புரதம் பசுவின் பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. எனவே, நீர் கலந்த பசும்பாலும் சோறும் குட்டியின் வளர்ச்சிக்குப் போதா. மூன்று அல்லது நான்கு வாரங்களில் மென்மையான உணவைத் தொடங்கி, மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் கொடுத்தல் நன்று. பெரிய இனக் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து அளவு மீறினாலும் எலும்பு கெடும். எனவே, அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

விலக்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கின்றன. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் சேர்ந்த பண்டங்களும் நஞ்சாகும். சமைத்த எலும்பு கூரிய துண்டுகளாக உடைந்து குடலைத் துளைக்கக்கூடும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்னும் வைட்டமினை உடலில் சேரவிடாது. வேகவைத்தால் அக்குறை நீங்கும்.

இறைச்சிக் கடைக் கழிவு

ஆடு அறுக்கும் இடங்களில் கட்டிகள் நிறைந்த ஈரலையும் நுரையீரலையும் நாய்களுக்கு எறிவது பல ஊர்களில் காணப்படுகிறது. அக்கட்டிகளுள் சில, ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவத்தைக் கொண்டவை. அவற்றைத் தின்னும் நாயின் குடலில் புழு வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளிவருகின்றன. அம்முட்டைகள் கை வழியாகவோ கீரை வழியாகவோ மனிதர் வயிற்றை அடைந்தால், ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் உண்டாகும். நாயைக் கட்டியணைத்து விளையாடும் சிறுவர்க்கு இவ்வாபத்து உண்டு. எனவே, இவ்வுறுப்புகளை அரை மணி நேரமேனும் கொதிக்க வைக்காமல் நாய்க்குக் கொடுக்கலாகாது. கட்டியுள்ளவற்றைப் புதைத்தோ எரித்தோ விடுதல் வேண்டும். குறித்த காலத்தில் நாய்க்குக் குடற்புழு மருந்தும், உணவுக்கு முன் சிறுவர்க்குக் கை கழுவும் பழக்கமும் தேவை.

அளவறிந்து ஊட்டல்

குறைந்த உணவு போலவே மிகுந்த உணவும் கேடு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு நடந்த நீண்டகால ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. கால் பங்கு குறைவாக உணவு பெற்றவை, மற்றவற்றைவிட நடுத்தர அளவில் 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. நாயின் விலாவைத் தடவும்போது எலும்புகள் விரலுக்குத் தெரிய வேண்டும். ஆனால் துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரிதல் கூடாது. மேலிருந்து நோக்கினால் இடை சற்றுக் குறுகியிருத்தல் வேண்டும். இவ்விரு சோதனைகளுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. களப் பணியாளர் வீடுகளிலும், ஆசிரியர் மாணவரிடத்தும் இவற்றைக் கற்பிக்கலாம். குட்டியை வாரந்தோறும் எடையிட்டுக் குறித்து வரும் பழக்கம் ஏற்படின், கால் வளையுமுன்னரே உணவின் குறையை அறிந்து திருத்த இயலும்.