முட்டைக்கோஸின் தண்ணீரை என்ன செய்வது?

மத்திய அமெரிக்காவில் முட்டைக்கோஸ் சாலட்டைத் தனியாகச் சாப்பிடுவது குறைவு. எண்ணெயும் மாவும் தூக்கலான உணவோடு கொஞ்சம் புளிப்பும் மொறுமொறுப்பும் வேண்டும் என்பதற்காகவே அது தட்டுக்கு வருகிறது. மயோனைஸ் வேண்டாம். முட்டைக்கோஸில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை உள்ளேயே நிறுத்தப் போகிறோமா, வெளியேற்றப் போகிறோமா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் எந்த முறையைப் பின்பற்றுவது என்பது தெளிவாகிவிடும்.

உடனே சாப்பிடுவதாக இருந்தால் கோஸ்டாரிகா முறைக்கே என் ஓட்டு. அங்கே சோறு, பீன்ஸ், பொரித்த வாழைப்பழம், இறைச்சி அல்லது மீன் எல்லாம் சேர்ந்த மதிய உணவுத் தட்டுக்கு கசாதோ என்று பெயர். அதன் ஓரத்தில் இந்த சாலட்டும் இருக்கும். கால் கிலோ முட்டைக்கோஸை நூல் போலச் சீவி, விதை நீக்கிய தக்காளி ஒன்று, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்க்க வேண்டும். உப்பைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்பே போட்டால் நீர் விட்டுத் துவண்டுபோகும். துருவியும் வேண்டாம், கத்திதான் சரி.

மெக்சிகோவின் என்செனாடா மீன் டாக்கோவுக்கு இதுகூடத் தேவையில்லை. மாவில் தோய்த்துப் பொரித்த மீன் நமுத்துவிடக் கூடாது என்பதால், சீவிய முட்டைக்கோஸை அப்படியே மேலே வைத்து, சாப்பிடும்போது எலுமிச்சையைப் பிழிந்தால் போதும்.

நாலைந்து நாள் வைத்துச் சாப்பிட எல் சால்வடோரின் குர்திதோ இருக்கிறது. மக்காச்சோள மாவுக்குள் சீஸோ பீன்ஸோ வைத்துக் கல்லில் சுடும் புபுசாவை 2005இல் அந்த நாடு தேசிய உணவாக அறிவித்தது. குர்திதோ இல்லாமல் அதைப் பரிமாற மாட்டார்கள். சீவிய முட்டைக்கோஸின் மேல் கொதிநீர் ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடித்து, ஆறியதும் நன்றாகப் பிழிய வேண்டும். பச்சை வாடை போய்விடும், தண்ணீர் வெளியேறிய இடத்தில் வினிகரும் இறங்கும். கேரட், வெங்காயம், காய்ந்த ஓரிகனோ, உப்பு, அரை கப் வினிகர், கால் கப் தண்ணீர் சேர்த்து ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓரிகனோவை மட்டும் விட்டுவிடாதீர்கள், குர்திதோவின் வாசமே அதுதான்.

வினிகரே இல்லாமல் புளிக்க வைப்பவர்களும் உண்டு. கிலோவுக்கு 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, ஊறிவரும் நீருக்குள் காய் முழுக்க மூழ்கும்படி பாட்டிலில் அமுக்கி வைத்தால், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். இதற்குக் கொதிநீர் கூடாது. இலையில் இருக்கும் பாக்டீரியாதான் புளிப்பைத் தருகிறது, வெந்நீர் பட்டால் அது செத்துவிடும்.

நிகராகுவாவின் கிரனாடா நகரத்து விகோரோனுக்கு எல்லாமே தலைகீழ். வாழையிலையின் மேல், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, அதன் மேல் மொறுமொறுவென்று பொரித்த பன்றித்தோல், எல்லாவற்றுக்கும் மேல் முட்டைக்கோஸும் தக்காளியும். கிழங்கு வறட்சியானது, ஆகவே சாறு வழிந்து இறங்க வேண்டும். உப்பையும் வினிகரையும் அரை மணி நேரம் முன்பே போட்டு, விடும் நீரைக் கொட்டாமல் வையுங்கள். புளிப்புக்காகப் பிலிம்பிக்காயை நறுக்கிச் சேர்ப்பதும் அங்கே வழக்கம். கேரளத்திலும் இலங்கையிலும் தோட்டத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அதே காய்தான். அது கிடைத்தால் வினிகரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.