பென்டிரைவைப் பிடுங்கிய பிறகும்

கேள்வி: பென்டிரைவைப் பிடுங்கியதுமே கெர்னல் அதற்குரிய நினைவகத்தை விடுவித்துவிடலாமே, அதை எத்தனை பகுதிகள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கைக் கணக்கு எதற்கு?
– பொறியியல் மாணவர், நிபோங் திபால்

பதில்: விடுவிக்கக் கூடாது. சாதனம் போய்விட்டாலும் அதைத் திறந்து வைத்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனிடமுள்ள முகவரி விடுவித்த இடத்தைச் சுட்டினால் பிறர் தரவு கெடும். ஊடுருவுபவருக்கும் அதுவே வாசல். எனவே லினக்ஸில் அந்த நினைவகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பகுதியும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, முடிந்ததும் குறைக்கிறது. சுழியம் ஆன பிறகே நினைவகம் திரும்புகிறது. குறைக்க மறந்தால் நினைவகம் கசியுமே என்பீர்கள். கசியும்; ஆனால் அது சிறிய தீமை. பெரிய தீமையை 2016 ஜனவரியில் வெளியான, கெர்னலில் சாவிகளை வைத்திருக்கும் கீரிங் பகுதியின் ஓட்டை காட்டியது. ஒரு பிழைப்பாதையில் குறைக்காமல் விட்டதால், 32 பிட் எண்ணியைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சுழியத்துக்கே கொண்டுவர முடிந்தது. பயன்பாட்டில் இருந்த பொருள் விடுவிக்கப்பட்டது, சாதாரணப் பயனர் முழு அதிகாரமுள்ள ரூட் ஆக வழி திறந்தது. 2017இல் வந்த லினக்ஸ் 4.11 பதிப்பில் சேர்ந்த புதிய எண்ணி வகை எல்லையைத் தாண்டினால் அங்கேயே உறைந்துவிடும்; சுழியம் ஆகாததால் நினைவகம் கசியுமே தவிர, தவறாக விடுவிக்கப்படாது. கசிவை அறிந்தே ஏற்றுக்கொண்ட அந்த முடிவு மிகச் சரியானது.

ஆனால் எண்ணிக்கை காப்பது நினைவகத்தை மட்டுமே, வன்பொருளை அல்ல. சாதனம் அகன்றதை உங்கள் டிரைவரில் தனியாகக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் பூட்டுக்குள் அதைச் சோதித்த பிறகே வன்பொருளைத் தொடுங்கள்.