பலெர்மோவில் புள்ளிவிபரவியல் முதுமாணி: தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பலெர்மோவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் மூன்று வருட இளமாணியை முடிக்கப்போகிறார்கள் என்றதும் வீட்டில் எழும் கேள்வி, "மிலானோவா, லண்டனா?" என்பதுதான். இருக்கிற ஊரும் ஒரு விடையாகலாம் என்று நினைப்பவர்கள் குறைவு. புள்ளிவிபரவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்த விடையையும் மேசையில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த ஊருக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு உண்டு. நிகழ்தகவு படித்தவர்களுக்குத் தெரிந்த பொரெல்–கண்டெல்லி துணைத்தேற்றத்தின் கண்டெல்லி, 1875இல் பலெர்மோவில் பிறந்து இங்கேயே கணிதம் படித்தவர். 1801 ஜனவரி 1 இரவு வானியலாளர் பியாற்சி, இங்குள்ள நொர்மன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து செரஸ் என்ற குறுங்கோளைக் கண்டார். அவர் ஆறு வாரங்களில் எடுத்த சில அளவீடுகளை வைத்துத்தான் கணிதவியலாளர் காஸ் அதன் பாதையைக் கணித்தார். பழம்பெருமை இவ்வளவு போதும். விண்ணப்பத்தில் அதற்குப் புள்ளி கிடையாது.

படி 1: எதைத் தேடுகிறோம்?

1999 சீர்திருத்தத்துக்குப் பிறகு இத்தாலியில் மூன்று வருட இளமாணி 180 கிரெடிட், அதன்மேல் இரண்டு வருட 'மாஜிஸ்த்ராலே' 120 கிரெடிட். நமக்கு வேண்டியது மாஜிஸ்த்ராலே. 'மாஸ்தர்' என்று விளம்பரமாகும் ஒரு வருடப் படிப்பு வேறு. முதல்நிலை மாஸ்தரை வைத்துக் கலாநிதிப் படிப்புக்குப் போக முடியாது.

ஒவ்வொரு மாஜிஸ்த்ராலேக்கும் அரசு கொடுத்த வகுப்பு எண் உண்டு. புள்ளிவிபரவியலுக்கு எல்.எம்-82, காப்புறுதி, நிதிப் பக்கம் சாய்ந்தால் எல்.எம்-83. இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். 'டேட்டா சயன்ஸ்' என்ற பெயரை இன்று கணினித் துறையும் வணிகத் துறையும் சூடிக்கொள்கின்றன. பலெர்மோ பல்கலைக்கழகத்தில் எல்.எம்-82 வகுப்பில் உள்ளது 'ஸ்தத்தீஸ்திகா எ டேட்டா சயன்ஸ்'. வியாலே தெல்லே ஷியென்ட்சே வளாகத்தில், பொருளாதாரம், வணிகம், புள்ளிவிபரவியல் மூன்றும் சேர்ந்த துறை அதை நடத்துகிறது.

படி 2: கிரெடிட்டை எண்ணுங்கள்

கணிதத்தில் இத்தனை, புள்ளிவிபரவியலில் இத்தனை என்று ஒவ்வொரு படிப்பும் ஒரு குறைந்தபட்சத்தை வைத்திருக்கும். புள்ளிவிபரவியல் இளமாணிக்கு அது பெரும்பாலும் பிரச்சினையல்ல. பொருளாதாரம் படித்தவர்கள் நேரியல் அட்சரகணிதத்திலும் நுண்கணிதத்திலும் பின்தங்கியிருக்கக்கூடும். குறையைத் தனிப்பாடங்களாக, அதாவது 'கோர்சி சிங்கோலி'யாகப் படித்து நிரப்பலாம். அதற்கு ஓர் அரையாண்டு போகும் என்பதால் இறுதி ஆண்டு தொடங்கும்போதே எண்ணிவிடுங்கள். பாடத்துறைக் குறியீடுகள் 2024இல் மாறிவிட்டன. உங்கள் பெறுபேற்றுத் தாளில் பழைய குறியீடும் அறிவிப்பில் புதியதும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டுக்கும் ஒப்பீட்டு அட்டவணை உண்டு.

படி 3: ஆசிரியர்களைப் படியுங்கள்

தரவரிசைப் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அவை முழுப் பல்கலைக்கழகத்தையும் அளக்கின்றன. நீங்கள் உட்காரப்போவது ஒரு சிறிய வகுப்பறையில். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. புள்ளிவிபரவியலாளர்கள் தங்கள் வேலையை 'ஆர்' மொழியில் பொதிகளாக எழுதி இலவசமாக வெளியிடுகிறார்கள். விண்ணப்பிக்க முன்பே அவற்றை இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

பலெர்மோவின் வீத்தோ முஜ்ஜேயோ எழுதிய 'செக்மென்டட்' பொதி உலகெங்கும் பாவனையில் உள்ளது. ஒரு நேர்கோட்டுப் போக்கு எந்த இடத்தில் முறிந்து சாய்வு மாறுகிறது என்பதை அது மதிப்பிடும். வெப்பநிலை எந்தப் பாகையைத் தாண்டினால் இறப்புகள் கூடத் தொடங்குகின்றன என்ற மாதிரிக் கேள்விகளுக்கு இது தேவை. ஜாதா அதெல்ஃபியோ, மார்ச்செல்லோ கியோதி இருவரின் வேலை பூமியதிர்ச்சிப் பதிவுகளில். எது தானாக வந்த அதிர்வு, எது முந்தியதன் பின்னதிர்வு என்று நிகழ்தகவால் பிரிக்கிறார்கள். 1908 மெஸ்ஸீனா, 1968 பெலீச்சே பூமியதிர்ச்சி அழிவுகளைக் கண்ட சிசிலித் தீவில் இது ஏட்டுக் கணக்கல்ல.

இப்படியான பொதிகளில் ஒன்றின் கையேட்டை ஒரு மாலை இருந்து வாசியுங்கள். எல்லாம் விளங்க வேண்டியதில்லை. மேலும் அறிய ஆசை வந்தால் இது உங்கள் இடம். கொட்டாவி வந்தால் அதுவும் பயனுள்ள தகவல்தான்.

படி 4: மற்ற ஊர்களோடு ஒப்பிடுங்கள்

ரோமின் சாப்பியென்ட்சாவில் கொர்ராதோ ஜீனி 1936இல் புள்ளிவிபரவியல் பீடத்தைத் தொடங்கினார்; பாதோவாவில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. பொலோஞ்ஞாவிலும் தொரீனோவிலும் ஆங்கிலத்தில் படிக்கலாம். இத்தாலிய மொழியில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் காரணமாக வடக்கே போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ நேராக வருபவருக்குப் படிப்பு மொழிதான் முதல் கேள்வி.

படி 5: காசு

பெற்றோர் அதிகம் அறிய வேண்டிய பகுதி இது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்பத்தின் 'ஈசே' வருமானச் சான்றைப் பொறுத்தது. அது 22,000 யூரோவுக்குள் இருந்தால் முதலாம் ஆண்டுக் கட்டணம் இல்லை. 'ஈசே'யைக் காஃப் எனப்படும் வரி உதவி அலுவலகங்கள் இலவசமாகச் செய்து தரும். குடும்ப வருமானம் இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்தால் வேண்டியது 'ஈசே பாரிஃபிகாத்தோ'.

புலமைப்பரிசில் தனி. பலெர்மோவில் அதைத் தருவது எர்சு என்ற மாணவர் உதவி நிறுவனம். பிராந்தியத்துக்குப் பிராந்தியம் நிறுவனம் வேறுபடுவதால், மூன்று ஊர்களுக்கு விண்ணப்பித்தால் மூன்று புலமைப்பரிசில் விண்ணப்பமும் தேவை. பல்கலைக்கழக அனுமதி கையில் வரும்வரை காத்திருந்தால் இதன் முடிவுத் திகதி போய்விடும். கோடையிலேயே அறிவிப்பைப் பாருங்கள். பரிசிலின் இரண்டாம் தவணைக்கு முதலாம் ஆண்டில் ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் எடுக்க வேண்டும். வேலையும் படிப்புமாக ஓடுகிறவர்கள் இந்தத் திகதியைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

படி 6: வெளியிலிருந்து வருபவர்களுக்கு

யூனிவர்சித்தாலி தளத்தில் முன்பதிவு, பிறகு தூதரகத்தில் 'டி' வகை மாணவர் விசா. பட்டச் சான்றிதழுக்கு இத்தாலிய மொழிபெயர்ப்பும், சிமேயா ஒப்பீட்டுச் சான்று அல்லது தூதரகத்தின் மதிப்புச் சான்றும் கேட்பார்கள். வந்திறங்கி எட்டு வேலைநாளுக்குள் சொஜோர்னோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் சொஜோர்னோவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஏற்கெனவே இத்தாலியில் சட்டப்படி வசிப்பவர்களுக்கு யூனிவர்சித்தாலி முன்பதிவு தேவையில்லை.

படி 7: தயார்நிலைப் பரிசோதனை

மாஜிஸ்த்ராலேயில் சேர்பவரின் தயார்நிலையைப் பல்கலைக்கழகம் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. சில இடங்களில் இளமாணிப் புள்ளியே போதும். சில இடங்களில் நேர்முகம். நேர்முகம் என்றால் சூத்திரத்தை ஒப்புவித்துப் பயனில்லை. நிபந்தனை நிகழ்தகவு, மைய எல்லைத் தேற்றம், குறைந்த வர்க்க முறை, கருதுகோள் சோதனை ஆகியவற்றை வாயால் விளக்கிப் பழகுங்கள். சோதனையில் கிடைக்கும் 'பி' பெறுமதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் தங்கைக்கோ தம்பிக்கோ விளங்கப்படுத்த முடிந்தால் பாதித் தயார்.

படி 8: அதற்குப் பிறகு

கலாநிதிப் படிப்பு மூன்று ஆண்டு. போட்டி மூலம் இடம். தேசியக் குறைந்தபட்ச உதவித்தொகை 2022இலிருந்து ஆண்டுக்கு 16,243 யூரோ, பிடித்தங்களுக்கு முன். அறிவிப்புகள் பெரும்பாலும் கோடையில் வரும். ஒக்டோபர் 31க்குள் முதுமாணி முடிப்பேன் என்ற நிலையில் இருப்பவர்களையும் பல அறிவிப்புகள் ஏற்கின்றன. ஆகவே ஆய்வேட்டுக்குரிய பட்டமளிப்பு அமர்வை அந்தத் திகதியைப் பார்த்தே தேர்ந்துகொள்ளுங்கள்.