இளநீரோடு வரும் அன்பு

வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று தெரிந்தால் சொந்தபந்தம் வெறுங்கையோடு வராது. ஒருவர் இளநீர் கொண்டு வருவார், இன்னொருவர் ஆலோசனை. அன்பில் குறை சொல்ல முடியாது, தகவலில்தான் கோளாறு. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஆறு பேச்சுகள் இவை.

நம்பிக்கை: இளநீர் குடித்தால் தெம்பு வரும்.
உண்மை: சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சரி. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிரே போகலாம். வாழைப்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் இதே எச்சரிக்கைதான். தண்ணீருக்கும் கணக்கு உண்டு. காலையில் பாட்டிலில் அளந்து வைத்து, மாத்திரைக்கு இவ்வளவு, ரசத்துக்கு இவ்வளவு என்று அம்மா கழித்துக்கொண்டே வருவார். "ஒரு வாய் காபிதானே" என்று விருந்தாளி சொல்லும்போது அந்தக் கணக்கு உடைகிறது.

நம்பிக்கை: பணமும் சிபாரிசும் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும்.
உண்மை: தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது 'டிரான்ஸ்டான்' எனப்படும் மாநில உறுப்பு மாற்று ஆணையம். பதிவு மருத்துவமனை வழியாகத்தான். சிறுநீரகத்துக்கு ரத்தப் பிரிவும் பதிவு மூப்பும் முக்கியம். உறுப்பை விலை பேசினால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். "நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று யாராவது ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நம்பிக்கை: பதிவு செய்தாயிற்று, இனி போன் வந்தால் போதும்.
உண்மை: போன் நள்ளிரவிலும் வரும். எடுத்த சிறுநீரகத்தை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது என்பதால் உடனே கிளம்ப வேண்டும். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சலோ, பல்லில் சீழோ இருந்தால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடலாம். கிராஸ்மேட்ச் பரிசோதனை ஒத்துவராமல் விடியற்காலையில் வீடு திரும்புபவர்களும் உண்டு. மறுநாள் அந்த வீட்டுக்குப் போனால் "என்னாச்சு?" என்று துருவாதீர்கள். டிபன் வாங்கிக்கொண்டு போங்கள்.

நம்பிக்கை: 65 வயது தாண்டினால் பட்டியலில் இடமில்லை.
உண்மை: அந்த வயது வரம்பை மத்திய அரசு 2023-இல் நீக்கிவிட்டது. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்குமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

நம்பிக்கை: பெற்ற பிள்ளைதான் கொடுக்க வேண்டும்.
உண்மை: கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரையுமே சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் 2011 திருத்தம் வழி செய்தது. ஆரோக்கியமானவர் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம். ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் பொதுவாக மருத்துவர்களே வேண்டாம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுப்பவர் மனம் ஒப்பிக் கொடுக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஏன் யோசிக்கிறே?" என்று மகளைக் கேட்கும் உரிமை எந்தச் சித்தப்பாவுக்கும் கிடையாது.

நம்பிக்கை: "எது வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்னால் கடமை முடிந்தது.
உண்மை: யாரும் கூப்பிட மாட்டார்கள். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அத்தனை நேரமும் வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் முதுகு வலிக்கும். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், கேஸ் புக்கிங், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அவர் தலையில்தான் இருக்கும்.

அதனால் கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்: "வியாழக்கிழமை அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி, நீங்க தூங்குங்க." இளநீரை உங்கள் வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.