பாஸ்பேட் ஏறிய புரதமும் அதைத் தேடும் எதிர்ப்பொருளும்

மேல்நிலை வகுப்பில் எதிர்ப்பொருள் என்றதும் "கிருமியை எதிர்க்கும்" என்று மாணவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். ஆய்வகத்தில் அதே எதிர்ப்பொருள் தேடித் தரும் கருவியாகவும் பயன்படுகிறது. கட்டுப்பாட்டுச் சோதனை ஏன் தேவை என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

1950-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் கிளைக்கோஜனைச் சிதைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதியை ஆராய்ந்தனர். ஓய்விலிருக்கும் தசையிலும் அந்நொதி உண்டு. ஆனால் சும்மா இருக்கும். அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஏறினால் வேலை தொடங்கும். ஏற்றுவது கைனேஸ், இறக்குவது பாஸ்படேஸ். இக்கண்டுபிடிப்புக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே "புரதம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டால் போதாது, "அதில் பாஸ்பேட் ஏறியது எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும்.

பாஸ்பேட் ஏறுவதால் கூடும் நிறை சுமார் 80 டால்டன்தான். 50,000 டால்டன் புரதத்தில் அதை எடையால் பிரித்தறிவது கடினம். முன்பு கதிரியக்கப் பாஸ்பரஸைப் பயன்படுத்தினர். இப்போது பாஸ்பேட் ஏற்றிய சிறு பெப்டைடை முயலுக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பெறலாம். பாஸ்பேட் இல்லாத பெப்டைடிலும் ஒட்டுபவற்றைச் சலித்து நீக்கிவிடுவார்கள்.

செல்களை உடைத்து, புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளை ஊற்றினால் புரதம் இருக்குமிடத்தில் பட்டை தெரியும். இதுவே வெஸ்டர்ன் பிளாட். செல் உடைந்த பிறகும் பாஸ்படேஸ் வேலையை நிறுத்தாது. அதனால் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் ஆர்த்தோவனடேட் போன்ற தடுப்பான்களைச் சேர்ப்பார்கள். சவ்வின் வெற்றிடங்களில் எதிர்ப்பொருள் கண்டபடி ஒட்டாமலிருக்க வழக்கமாகப் பால்பொடிக் கரைசலில் ஊறவைப்பார்கள். பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம்! எதிர்ப்பொருள் அதிலும் ஒட்டினால் சவ்வு முழுதும் மங்கலாகும். ஆகவே இவ்வேலைக்குப் பலர் மாட்டு அல்புமினையே விரும்புகிறார்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போது தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இனி கரும்பலகைக்கு வருவோம். இவை பாடத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். மருந்து கொடுக்காத செல்களில் பாஸ்பேட் பட்டையின் அடர்த்தி 20, மருந்து கொடுத்தவற்றில் 60. "மருந்து மூன்று மடங்காக்கிவிட்டது" என்று வகுப்பே சொல்லும். பிறகு, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்புரதத்தில் ஒட்டும் வேறோர் எதிர்ப்பொருளின் அளவுகளை எழுதுங்கள்: 30, 90. 20/30, 60/90 இரண்டும் ஒன்றே. இரண்டாம் மாதிரியில் அந்தப் புரதமே மும்மடங்கு இருந்திருக்கிறது. பாஸ்பேட் ஏறிய விகிதம் மாறவில்லை. இமாட்டினிப் போன்ற இரத்தப் புற்றுநோய் மருந்துகள் கைனேஸைத் தடுப்பவை. அத்தகைய மருந்தைச் சோதிக்கும்போது இப்படித் தவறினால், பயனற்றதைப் பயனுள்ளது என்று நம்பிவிட நேரும்.

அடுத்து இன்னொரு கேள்வி: மாதிரியில் வேண்டுமென்றே பாஸ்படேஸ் சேர்த்த பிறகும் பட்டை மறையவில்லை, ஏன்? எதிர்ப்பொருள் பாஸ்பேட்டை அல்லாமல் வேறெதையோ பிடித்திருக்கலாம். அல்லது சேர்த்த நொதி வேலை செய்யாமல் போயிருக்கலாம். இவற்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் எனக் கேட்டுப் பாருங்கள், பாடவேளை போதாது.